குழாயா, சோப்பா? – மின்புலத்தில் நகரும் கார்பன் நானோகுழாய்கள்

இறுதியாண்டு ஆய்வேட்டை ஒப்படைக்க 11 நாள்கள் இருந்தபோது, அதன் முடிவுரையில் நான் ஒரு தவறான வாக்கியத்தை எழுதி வைத்திருந்தேன். தட்டச்சு செய்து, பக்க எண் போட்டு, அச்சுக்குக் கொடுக்கும் நிலையில் இருந்த வாக்கியம் அது. “ஆய்வுக்காக வாங்கப்பட்ட கார்பன் நானோகுழாய்களில் பெரும்பாலானவை உலோகத் தன்மை கொண்டவை, விற்பனையாளர் தந்த விவரம் சரியன்று” என்பதே அது. குழாய்களை விற்றவர்களுக்கு ஒரு புகார் மின்னஞ்சலும் தயாராக இருந்தது.

தவறு அவர்களுடையது அன்று, என்னுடையது. அதைக் கண்டுபிடித்த கதையோடு மேற்பரப்பு மின்னூட்டம் என்னும் ஓர் அருமையான அறிவியல் கருத்தையும் நம் தமிழ் மொழிக் கழக ஆண்டிதழ் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். அறிவியல் துறை மாணவர்களுக்கு மட்டும் எழுதும் கட்டுரை அன்று இது. சட்டத்துறை, கணக்கியல், தமிழியல் நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். முதலில் ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டுக் கித்தா காட்டுக்குப் போவோம்.

பாட்டியின் வாளியில் இருந்த அறிவியல்

என் பாட்டி சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்களாம். “வாளியில ரெண்டு சொட்டு மருந்து ஊத்தணும் கண்ணு. இல்லேன்னா ஸ்டோருக்குப் போறதுக்குள்ள பால் கட்டிப் போயிடும்” என்பார். அவர் ‘மருந்து’ என்று சொன்னது அமோனியாவை. பாலைக் கட்டியாக்க வேண்டியபோது தொழிற்சாலையில் ஃபார்மிக் அமிலத்தைச் சேர்ப்பார்கள். கலக்கி வைத்தால் சில மணி நேரத்தில் பால் இறுகிவிடும்.

ஏன் இப்படி நடக்கிறது? ரப்பர் பால் என்பது நீரில் மிதக்கும் கோடிக்கணக்கான நுண்ணிய ரப்பர்த் துகள்கள். ஒவ்வொரு துகளின் மேலும் புரதமும் பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு வகையும் ஒரு மெல்லிய போர்வைபோல் படிந்திருக்கின்றன. அந்தப் போர்வை எதிர் மின்னூட்டம் கொண்டது. எல்லாத் துகளும் எதிர் மின்னூட்டம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் போர்வையின் எதிர் மின்னூட்டம் தணிந்துவிடும். விலக்கும் விசை போனதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அமோனியாவோ பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களை அடக்கி, அமிலத்தன்மை கூடாமல் பார்த்துக்கொள்கிறது. போர்வையின் மின்னூட்டமும் நிலைக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரப்பருக்குச் சொந்தமாக மின்னூட்டம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பால் கட்டுமா, கட்டாதா என்பதைத் தீர்மானிப்பது ரப்பரின் மேல் இருக்கும் போர்வை. ரப்பர் பாலில் மின்புலம் செலுத்தினால் துகள்கள் நேர்முனையை நோக்கி நகர்ந்து அங்கே படியும். 1920-களிலேயே இம்முறையில் ரப்பர்ப் பொருள்கள் செய்யும் முயற்சிகள் நடந்துள்ளன. அந்த நகர்வுக்கும் போர்வையே காரணம்.

இதையெல்லாம் நான் பள்ளியிலேயே படித்திருந்தேன். ஆனால், ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

நானோகுழாய் என்பது என்ன?

பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தேன்கூடு போன்ற அறுகோணத் தாள்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஒரே ஒரு தாளை எடுத்துப் பாய்போலச் சுருட்டினால் கிடைக்கும் குழாயே ஒற்றைச் சுவர் கார்பன் நானோகுழாய். அதன் விட்டம் ஏறக்குறைய 1 நானோமீட்டர். மனிதத் தலைமுடியின் பருமனை 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் நுண்மை புரியும். நீளமோ சில நூறு நானோமீட்டர் முதல் பல ஆயிரம் நானோமீட்டர் வரை இருக்கும்.

1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா பல சுவர்கள் கொண்ட குழாய்களைப் பற்றி எழுதிய கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. 1993-இல் ஒற்றைச் சுவர்க் குழாய்களை அவருடைய குழுவும் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனக் குழுவும் தனித்தனியே அறிவித்தன.

இக்குழாய்களிடம் ஒரு விந்தையான பண்பு உண்டு. தாளை எந்தக் கோணத்தில் சுருட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, குழாய் உலோகத்தைப்போல மின்சாரத்தைக் கடத்தலாம் அல்லது சிலிக்கானைப்போலக் குறைகடத்தியாக இருக்கலாம். எல்லாக் கோணங்களும் சம வாய்ப்போடு அமைந்தால் மூன்றில் ஒரு பங்கு உலோகக் குழாய்களாகவும் மூன்றில் இரண்டு பங்கு குறைகடத்திக் குழாய்களாகவும் இருக்கும். டிரான்சிஸ்டர் செய்யக் குறைகடத்திக் குழாய்களே வேண்டும். இடையில் ஓர் உலோகக் குழாய் கலந்துவிட்டால் அந்த டிரான்சிஸ்டரை அணைக்க முடியாது. எனவே, இரண்டையும் பிரித்தெடுப்பது இத்துறையின் பெரும் சவாலாக இருந்து வந்துள்ளது. மின்புலத்தைக் கொண்டு பிரிக்க முடியுமா என்பதே என் இறுதியாண்டு ஆய்வின் தலைப்பு.

குழாய்க்கு மின்னூட்டம் எப்படி வருகிறது?

கார்பன் நானோகுழாய்களை அப்படியே நீரில் போட்டால் கலக்காது. அவை நீரை வெறுப்பவை. ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு கரிய கசடாக அடியில் தங்கிவிடும். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து நீரில் மிதக்கவைக்க மூன்று வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன.

முதல் வழி சோப்பு. பல ஆய்வுக்கூடங்களில் பயன்படுவது சோடியம் டோடெசைல் சல்பேட் என்னும் பொருள், சுருக்கமாக எஸ்.டி.எஸ். பற்பசையிலும் இது உண்டு. இதன் ஒரு பக்கம் 12 கார்பன் கொண்ட எண்ணெய்த் தன்மையான வால். மறுபக்கம் எதிர் மின்னூட்டம் கொண்ட சல்பேட் தலை. மீயொலி அதிர்வு கொடுத்துக் குழாய்களைப் பிரிக்கும்போது சோப்பின் வால் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். தலை நீரைப் பார்த்து நிற்கும். இப்போது குழாய் எதிர் மின்னூட்டச் சட்டை அணிந்துவிட்டது.

இரண்டாவது வழி அமிலம். நைட்ரிக் அமிலத்தில் குழாய்களைச் சூடாக்கினால் அவற்றின் முனைகளிலும் குறைபாடுள்ள இடங்களிலும் கார்பாக்சில் தொகுதிகள் உருவாகும். நீரில் அவை ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு எதிர் மின்னூட்டம் பெறும். நீரின் அமிலத்தன்மையைக் கூட்டினால் அந்த மின்னூட்டம் மறையும். பாட்டியின் ரப்பர் பாலுக்கு நேர்ந்ததே இங்கும் நேரும், குழாய்கள் திரண்டுவிடும்.

மூன்றாவது வழி டி.என்.ஏ. போன்ற நீண்ட மூலக்கூறுகளைக் குழாயின்மேல் சுற்றிவிடுவது. டி.என்.ஏ.வின் பாஸ்பேட் தொகுதிகளும் எதிர் மின்னூட்டம் கொண்டவை.

எதிர் மின்னூட்டம் மட்டுந்தானா என்று கேட்கலாம். இல்லை. சீட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு, அதாவது சி.டி.ஏ.பி. என்னும் சோப்பு வகையின் தலை நேர் மின்னூட்டம் கொண்டது. தலைமுடிக்கான கண்டிஷனர்களில் இவ்வகைப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. இதில் மிதக்கவைத்த குழாய்கள் நேர் மின்னூட்டச் சட்டை அணிந்திருக்கும்.

சட்டைக்கு மேலே ஒரு மேகம்

மின்னூட்டம் பெற்ற பரப்பு நீரில் தனியாக இருப்பதில்லை. எதிர் மின்னூட்டச் சட்டை அணிந்த குழாயைச் சுற்றி, நீரிலுள்ள சோடியம் போன்ற நேர் அயனிகள் ஈர்க்கப்பட்டு ஒரு மேகம்போல் சூழ்ந்துகொள்கின்றன. இதையே மின் இரட்டை அடுக்கு என்கிறோம். இந்த மேகத்தின் தடிமன் நீரில் உள்ள உப்பின் அளவைப் பொறுத்தது. ஒரு லிட்டரில் 0.001 மோல் சாதாரண உப்பு இருந்தால் தடிமன் ஏறக்குறைய 10 நானோமீட்டர், 0.1 மோல் இருந்தால் ஏறக்குறைய 1 நானோமீட்டர். 1 நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு 10 நானோமீட்டர் மேகம் என்றால், குழாயைவிட அதன் மேகமே பெரிது.

குழாய் நகரும்போது அதை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலமும் உடன் செல்லும். அந்தப் படலத்தின் வெளி விளிம்பில் இருக்கும் மின்னழுத்தத்திற்கு ஜீட்டா மின்னழுத்தம் என்று பெயர். மேற்பரப்பு மின்னூட்டத்தை நேரடியாக எண்ணிப் பார்ப்பது கடினம் என்பதால், ஆய்வாளர்கள் இந்த ஜீட்டா மதிப்பையே பெரும்பாலும் அடையாளமாகக் கொள்கின்றனர். அதன் அளவு 30 மில்லிவோல்ட்டைத் தாண்டினால், நேராயினும் எதிராயினும், துகள்கள் திரளாமல் நிலைத்து நிற்கும் என்பது பொதுவான கைக்கணக்கு.

நேர்திசை மின்புலத்தில் என்ன நடக்கிறது?

மின்கலத்தின் இரு முனைகளைக் கரைசலில் வைத்தால் மின்னூட்டம் பெற்ற குழாய் எதிர்க்குறி கொண்ட முனையை நோக்கி நகரும். இதற்கு எலக்ட்ரோஃபோரெசிஸ் என்று பெயர். தமிழில் ‘மின்புல நகர்ச்சி’ எனலாம். எவ்வளவு வேகத்தில் நகரும்? 1903-இல் போலந்து நாட்டு அறிஞர் ஸ்மொலுகோவ்ஸ்கி தந்த சூத்திரம் எளிமையானது. நீரின் விடுதிறனை ஜீட்டா மின்னழுத்தத்தால் பெருக்கி, நீரின் பாகுநிலையால் வகுத்தால் ஓரலகு மின்புலத்தில் கிடைக்கும் வேகம் வந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜீட்டா மதிப்பு எதிர் 50 மில்லிவோல்ட், மின்புலம் ஒரு சென்டிமீட்டருக்கு 10 வோல்ட் என்று கொள்வோம். வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 40 மைக்ரோமீட்டர். அதாவது, ஒரு சென்டிமீட்டரைக் கடக்க நான்கு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் இச்சூத்திரம், அயனி மேகம் துகளைவிட மிக மெல்லியதாக இருக்கும்போதே முழுமையாகப் பொருந்தும். மெல்லிய குழாயைத் தடித்த மேகம் சூழ்ந்திருந்தால், மின்புலத்திற்கு இணையாக நிற்கும் குழாய் முழு வேகத்திலும் குறுக்காக நிற்கும் குழாய் பாதி வேகத்திலும் செல்லும். எல்லாத் திசைகளிலும் சிதறி நிற்கும் குழாய்களின் சராசரி, முழு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் அந்த ஒரு சென்டிமீட்டருக்கு ஆறு நிமிடங்களுக்கு மேல் தேவைப்படும்.

சூத்திரத்தில் எது இல்லை என்பதையும் கவனியுங்கள். குழாய் உலோகமா, குறைகடத்தியா என்ற கேள்வியே அதில் இல்லை! ஜீட்டா இருக்கிறது, நீர் இருக்கிறது, மின்புலம் இருக்கிறது. அவ்வளவுதான்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். ‘யூ’ வடிவக் கண்ணாடிக் குழலின் அடியில் எஸ்.டி.எஸ். கலந்த கரிய நானோகுழாய்க் கரைசலையும், அதற்கு மேல் இரு கைகளிலும் தெளிந்த எஸ்.டி.எஸ். நீரையும் மெதுவாக நிரப்பி மின்சாரம் கொடுத்தோம். முனைகளில் குமிழிகள் கிளம்பித் தொல்லை கொடுத்தன. என்றாலும் கரிய எல்லைக்கோடு நேர்முனை இருந்த கையில் மெல்ல ஏறியது. அதே குழாய்களைச் சி.டி.ஏ.பி.யில் கலந்து செய்தபோது எதிர்முனைப் பக்கம் ஏறியது. குழாய் அதே குழாய்தான். சட்டை மாறியது, திசையும் மாறியது.

மாறுதிசை மின்புலமும் சீப்பும்

உலோகக் குழாயையும் குறைகடத்திக் குழாயையும் பிரிக்க, குழாயின் உள்தன்மையைப் பார்க்கும் ஒரு விசை வேண்டும். அதற்கு மாறுதிசை மின்புலம் உதவுகிறது.

தலை வாரிய சீப்பைக் காகிதத் துணுக்குகளுக்கு அருகில் கொண்டுபோனால் அவை துள்ளி வந்து ஒட்டும். காகிதத்திற்கு மின்னூட்டம் இல்லை. ஆயினும், சீப்பின் மின்புலம் காகிதத்தினுள் இருக்கும் மின்னூட்டங்களைச் சற்று விலக்கி ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் எதிராகவும் ஆக்குகிறது. இதுவே முனைவுறுதல். சீப்புக்கு அருகே மின்புலம் வலிமையாகவும் தூரத்தில் மெலிவாகவும் இருப்பதால் காகிதம் வலிமையான பக்கம் இழுக்கப்படுகிறது. சீரற்ற மின்புலத்தில் இவ்வாறு நகர்வதற்கு 1951-இல் ஹெர்பர்ட் போல் என்னும் அமெரிக்க அறிஞர் டைஎலக்ட்ரோஃபோரெசிஸ் என்று பெயரிட்டார். ‘முனைவுறு நகர்ச்சி’ என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

மின்புலத்தின் திசை வினாடிக்கு இலட்சக்கணக்கான முறை மாறினால், முன்பு பார்த்த மின்புல நகர்ச்சி முன்னும் பின்னுமாக அடிபட்டுச் சுழியமாகிவிடும். முனைவுறு நகர்ச்சி மட்டும் மிஞ்சும். ஏனெனில், புலம் திரும்பும்போது முனைவும் சேர்ந்தே திரும்புகிறது.

நீருக்குள் இருக்கும் துகளுக்கு இங்கே ஒரு போட்டி உண்டு. துகள் நீரைவிட அதிகமாக முனைவுற்றால் வலிமையான புலத்தை நோக்கி இழுக்கப்படும். குறைவாக முனைவுற்றால் விலக்கப்படும். நீரின் ஒப்புமை விடுதிறன் ஏறக்குறைய 80. குறைகடத்திக் குழாய்க்கு அது 5-க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டது. உலோகக் குழாய்க்கோ மிக மிக அதிகம். ஆகவே, உலோகக் குழாய்கள் மின்வாய்களுக்கு வரவேண்டும். குறைகடத்திக் குழாய்கள் விலகி நிற்கவேண்டும். 2003-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ரால்ஃப் க்ருப்கே குழுவினர் இதைச் செய்து காட்டி ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ்.

என் தவறு

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் நானும் தொடங்கினேன். ஆனால், எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்த அலை இயற்றி ஒரு மெகாஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். “மாறுதிசை என்றால் போதுமே, அதிர்வெண்ணில் என்ன இருக்கிறது?” என்று நினைத்து 300 கிலோஹெர்ட்ஸில் செய்தேன். மின்வாய்களில் குழாய்கள் கட்டுக்கட்டாக வந்து படிந்தன. எனக்கு ஒரே மகிழ்ச்சி. பின்னர் அவற்றை இராமன் நிறமாலையில் பார்த்தேன். சர் சி. வி. இராமன் 1928-இல் கண்டறிந்த அதே ஒளிச்சிதறல்தான். நானோகுழாய் உலோகமா, குறைகடத்தியா என்று காட்டிக்கொடுக்கும் கருவியாக அது இன்றும் விளங்குகிறது. நிறமாலையில் இரு வகைகளுமே இருந்தன. குறைகடத்திக்கு உரிய முகடுகள் குறையவே இல்லை.

மின்வாய்க்கு வருபவை உலோகக் குழாய்கள் என்பது என் நம்பிக்கை. வந்து படிந்தவையோ ஏராளம். அப்படியானால் வாங்கிய பொருளே பெரும்பாலும் உலோகமாக இருக்கவேண்டும். குறைகடத்தி முகடுகள் கழுவும்போது தங்கிய கசடாக இருக்கலாம். இப்படி ஒரு விளக்கத்தை நானே நெய்து, தொடக்கத்தில் சொன்ன அந்த வாக்கியத்தையும் எழுதிவிட்டேன். ஒத்துவராத சான்றைக் கசடு என்று ஒதுக்கியது நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பக்கத்து மேசையில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்துகொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தேன். அவர் முடிவுரையைப் படித்துவிட்டுக் கேட்டார்: “தங்கச்சி, நீ இழுத்தது குழாயையா, சோப்பையா?”

அவர் கேட்டது புரியச் சற்று நேரம் பிடித்தது. குறைகடத்திக் குழாய் தன்னளவில் மின்சாரத்தை நன்கு கடத்தாமல் இருக்கலாம். ஆனால், அதன்மேல் எஸ்.டி.எஸ். சட்டை இருக்கிறது, சட்டையைச் சுற்றிச் சோடியம் அயனிகளின் மேகம் இருக்கிறது. அந்த அயனிகள் குழாயின் நீளத்தில் மேலும் கீழும் ஓடக்கூடியவை. மின்புலம் மெதுவாகத் திசை மாறும்போது அவை ஒரு முனையில் போய்ச் சேர நேரம் கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் குழாய் ஓர் உலோகக் கம்பிபோலவே முனைவுற்று நிற்கும். இதுதான் மேற்பரப்புக் கடத்தல். புலம் மிக விரைவாக மாறினால் அயனிகளால் ஈடுகொடுக்க முடியாது. அப்போதுதான் குழாயின் சொந்தத் தன்மை வெளிப்படும்.

மேற்பரப்புக் கடத்தல் எல்லாத் துகள்களுக்கும் உண்டு. நானோகுழாயில் மட்டும் அது ஏன் இவ்வளவு வலிமையாக இருக்கிறது? மேற்பரப்பின் பங்கைக் கணக்கிட, மேற்பரப்புக் கடத்துதிறனை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுக்கவேண்டும். ஆரம் சிறுத்தால் பங்கு பெருகும். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ரப்பர்த் துகளின் ஆரம் 500 நானோமீட்டர். நம் குழாயின் ஆரம் 0.5 நானோமீட்டர். ஒரே மாதிரியான சட்டையை இரண்டுக்கும் அணிவித்தால், குழாயில் அதன் விளைவு ஆயிரம் மடங்கு அதிகம். ஒற்றைச் சுவர்க் குழாயில் ஒவ்வோர் அணுவும் மேற்பரப்பில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

கார்ல்ஸ்ரூ குழுவினரே 2004-இல் இதை வெளியிட்டிருந்தனர். தாழ்ந்த அதிர்வெண்ணில் குறைகடத்திக் குழாய்களும் மின்வாய்க்கு ஈர்க்கப்படுகின்றன என்றும், அதற்குக் காரணம் சோப்பினால் வந்த மேற்பரப்புக் கடத்தல் என்றும் அவர்கள் விளக்கியிருந்தனர். முதல் கட்டுரையைப் படித்த நான் இரண்டாவதைத் தேடவில்லை. தென்கொரிய ஆய்வாளர்கள் முன்னின்று 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அவர்கள் எஸ்.டி.எஸ்.ஸோடு சி.டி.ஏ.பி.யையும் கலந்து, ஒன்றின் மின்னூட்டத்தை மற்றொன்றால் தணித்து, மேற்பரப்புக் கடத்தலைக் குறைத்துக் காட்டினர்.

அண்ணன் வேறொரு துறையிலிருந்து 20 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டும் அலை இயற்றியை இரண்டு நாள்களுக்கு இரவல் வாங்கித் தந்தார். அதே குழாய், அதே சோப்பு, அதே மின்வாய். அதிர்வெண் மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ். படிந்த குழாய்கள் முன்னைவிடக் குறைவு. நிறமாலையில் குறைகடத்தி முகடுகள் தெளிவாகத் தாழ்ந்திருந்தன. விற்பனையாளர் தந்த பொருளில் எந்தக் குறையும் இல்லை.

மீதமிருந்த நேரத்தில் எஸ்.டி.எஸ். கரைசலில் சி.டி.ஏ.பி.யைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தும் பார்த்தேன். ஆர்வக் கோளாறில் அளவு மிஞ்சியது. கண்ணெதிரே கரைசல் திரிந்து, கரிய திரள்கள் அடியில் இறங்கின. அந்த நொடியில்தான் பாட்டியின் வாளி நினைவுக்கு வந்தது. குழாயை நகர்த்துவதும் மின்னூட்டந்தான். குழாய்களைத் தனித்தனியாக வைத்திருப்பதும் மின்னூட்டந்தான். நகர்வை மாற்ற அதைக் குறைக்கலாம். ஒரேயடியாகப் பறித்தால் நகர்த்துவதற்குத் தனிக்குழாயே இருக்காது.

இதனால் என்ன பயன்?

இன்று தூய குறைகடத்திக் குழாய்களைப் பெருமளவில் பிரிக்க முனைவுறு நகர்ச்சியைவிடச் சிறப்புப் பாலிமர்கள், கூழ்மத் தம்பங்கள் போன்ற முறைகளே அதிகம் பயன்படுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால், குழாய்களை வேண்டிய இடத்தில் வைப்பதற்கு மின்புலம் நல்ல கருவி. 2007-இல் கார்ல்ஸ்ரூ குழுவினர் முனைவுறு நகர்ச்சியின் துணையோடு, ஒரு சதுர சென்டிமீட்டரில் பல மில்லியன் குழாய்களை ஒவ்வொன்றாக மின்வாய்களுக்கிடையே பொருத்தும் அளவுக்கு அடர்த்தியை எட்டினர். 2012-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வெளி மின்புலமே இல்லாமல், எதிர் மின்னூட்டச் சோப்பு அணிந்த குழாய்களை நேர் மின்னூட்டம் ஊட்டப்பட்ட பள்ளங்களில் தாமாகவே படியவைத்து, ஒரே சில்லில் 10,000-க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களைச் செய்தனர். இரண்டிலும் குழாயின் மேற்பரப்பைக் கட்டுப்படுத்துவதே வெற்றிக்கு அடிப்படை.

தம்பி தங்கைகளுக்கு

இறுதியாண்டு ஆய்வில் இறங்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு அனுபவத்தில் கற்ற சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் அளப்பது பொருளையா, பொருளின்மேல் நீங்களே பூசியதையா என்று ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு கேளுங்கள். எந்தச் சோப்பு, எவ்வளவு, எத்தனை உப்பு, என்ன அதிர்வெண் என்பதையெல்லாம் அற்பம் என்று விடாமல் குறிப்பேட்டில் எழுதுங்கள். எதிர்பார்ப்புக்கு ஒத்துவராத முகடு தெரிந்தால் அதைக் கசடு என்று ஒதுக்காமல் இன்னொரு வாரம் கொடுங்கள். குறை சொல்லும் மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் ஒருவரிடமாவது காட்டுங்கள்.

ஆய்வேட்டின் முடிவுரையை நான் மூன்று நாள்களில் திருத்தி எழுதினேன். பழைய வாக்கியத்திற்குப் பதிலாக, “300 கிலோஹெர்ட்ஸில் இருவகைக் குழாய்களும் படிந்ததற்கு எஸ்.டி.எஸ். தந்த மேற்பரப்புக் கடத்தலே காரணம்” என்று எழுதினேன். புகார் மின்னஞ்சல் அனுப்பப்படவில்லை.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது இந்த முழுக் கதையையும் பாட்டிக்குச் சொல்லிப் பார்த்தேன். ‘எலக்ட்ரோஃபோரெசிஸ்’ என்றபோது அவர் தலையசைக்கவில்லை. வாளி, மருந்து, திரிந்த பால் என்று தொடங்கியபோது கடைசிவரை கேட்டார். “அப்ப நீ மருந்து ஜாஸ்தி ஊத்திட்ட” என்றார். ஆம், அதுதான் நடந்தது. நீங்களும் உங்கள் துறையில் கற்றதை ஒருமுறையாவது வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் சொல்ல முடியாமல் தடுக்குகிறதோ, அந்த இடம் நமக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை என்பது என் அனுபவம். அதை அடுத்த ஆண்டிதழுக்கு ஒரு கட்டுரையாக எழுதுங்கள். படிக்க நான் காத்திருக்கிறேன்.